போர்ச் செய்தியும் வரிச் செய்தியும் வரும் காலையில் சந்தையை வாசிப்பது எப்படி? – ஒரு முழுமையான வழிகாட்டி

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைகின்றன என்ற செய்தி இந்தியப் பங்குச்சந்தை திறப்பதற்குச் சற்று முன்னால் வந்தது. அன்று மாலைக்குள் சென்செக்ஸ் 2,702 புள்ளிகள், அதாவது 4.7 சதவீதம் சரிந்திருந்தது. மற்றோர் இந்தியப் பங்குக் குறியீடான நிஃப்டி 16,248இல் முடிந்தது. அதே நாளில் நியூயார்க்கில் எஸ் அண்ட் பி 500 குறியீடு தொடக்கத்தில் 2 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது, ஆனால் வர்த்தகம் முடியும்போது 1.5 சதவீதம் ஏறி நின்றது. மூன்று வாரங்கள் கழித்து, மார்ச் 17 அன்று, நிஃப்டி 17,287இல் முடிந்து, போருக்கு முந்தைய நாளின் அளவான 17,063ஐத் தாண்டிவிட்டது. போர் ஓயவில்லை, சந்தை மட்டும் மீண்டுவிட்டது. கதை அத்தோடு முடிந்திருந்தால் "போரில் வாங்கு" என்ற பழைய அறிவுரையே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் ஜூன் மத்தியில் அதே நிஃப்டி 15,300க்கும் கீழே, போர் தொடங்கிய நாளின் முடிவைவிடத் தாழ்வாக, வந்து நின்றது. அப்போது முதலீட்டாளர்களை அச்சுறுத்தியது பீரங்கிச் சத்தம் அல்ல, வட்டி விகிதம்.

இந்த மூன்று காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சந்தை போருக்கோ வரிக்கோ நேரடியாக விலை வைப்பதில்லை. அது எந்த வழியாக, எவ்வளவு காலத்துக்கு, யாருடைய லாபத்தையும் எந்த நாட்டின் வட்டியையும் வந்து தொடும் என்பதற்கே விலை வைக்கிறது. கீழே உள்ள படிகள் அந்த வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கானவை. இந்தியச் சந்தையில் முதலீடு செய்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: விலையில் ஏற்கெனவே எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள்

செய்தி எவ்வளவு பயங்கரமானது என்பது முதல் கேள்வி அல்ல. நேற்று வரை எதிர்பார்த்திருந்ததைவிட அது எவ்வளவு மாறுபட்டது என்பதே முதல் கேள்வி.

இதற்கு வளைகுடாப் போரைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அக்டோபரில் கச்சா எண்ணெய் ஒரு பேரல் 40 டாலரைத் தாண்டியது. அமெரிக்கா தாக்கினால் விலை இன்னும் எகிறும் என்பது அன்றைய பொதுக் கணிப்பு. 1991 ஜனவரி 17 அன்று தாக்குதல் தொடங்கியது. எண்ணெய் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது, அமெரிக்கப் பங்குகள் 3 சதவீதத்துக்கும் மேல் ஏறின. ஐந்து மாதமாக விலையில் ஏறியிருந்த அச்சம், சவூதி எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் இறங்கியது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 2 இதன் மறுபக்கம். அமெரிக்க அதிபர் டிரம்ப் அன்று இறக்குமதி வரிகளை அறிவிக்கப்போகிறார் என்பது பல வாரங்களாகத் தெரிந்த செய்தி. இருந்தும் சந்தை நொறுங்கியது, ஏனென்றால் அறிவிக்கப்பட்ட விகிதங்கள் எவரும் கணித்திராதவை: வியட்நாமுக்கு 46 சதவீதம், இலங்கைக்கு 44, சீனாவுக்கு 34, இந்தியாவுக்கு 26. எஸ் அண்ட் பி 500 அடுத்த இரண்டு நாட்களில் முறையே 4.8 சதவீதமும் 6 சதவீதமும் சரிந்தது. ஏப்ரல் 7, திங்கட்கிழமை ஹாங்காங்கின் ஹாங் செங் குறியீடு 13 சதவீதம் விழுந்தது. 1997க்குப் பிறகு அதற்கு அப்படியொரு நாள் வந்ததில்லை. சென்செக்ஸ் அன்று 2,227 புள்ளிகளை இழந்தது. தேதி தெரிந்திருந்தது, அளவு தெரியவில்லை. அடி விழுந்தது அந்த இடைவெளியில்தான்.

நடைமுறையில் இதை அளக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கடந்த சில வாரங்களில் கச்சா எண்ணெயும் தங்கமும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பது. மற்றொன்று இந்தியா விக்ஸ். வரவிருக்கும் ஒரு மாதத்தில் நிஃப்டி எவ்வளவு அலைபாயும் என்று ஆப்ஷன்ஸ் (குறித்த விலைக்குப் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) விலைகள் கருதுகின்றன என்பதை அது காட்டுகிறது. அது ஏற்கெனவே உயர்ந்திருக்கும்போது கெட்ட செய்தி வந்தால் அடி மிதமாக இருக்கும். அது தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்தால் அடி பலமாக விழும். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் அது 14க்கு அருகில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் 22ஐத் தாண்டியது.

படி 2: எந்தப் பொருள் நின்றுபோனது, அதற்கு மாற்று உண்டா?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. போர் நடக்கும் இடம் எவ்வளவு தொலைவு, இறந்தோர் எத்தனை பேர் என்பவை மனிதருக்கு முக்கியமானவை. சந்தை கேட்பது வேறு: உலகுக்கு வந்துகொண்டிருந்த ஏதேனும் ஒரு பொருள் வராமல் போகிறதா? போனால், வேறு எங்கிருந்து எடுக்கலாம்? கேட்பதற்கு ஈரமற்ற கேள்விதான். ஆனால் இதைக் கேட்காமல் விலையின் போக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய்ப் பதப்படுத்தும் வளாகம் தாக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 57 லட்சம் பேரல் உற்பத்தி, அதாவது உலக வழங்கலில் சுமார் 5 சதவீதம், ஒரே இரவில் நின்றது. திங்கட்கிழமை திறந்தவுடன் உலக எண்ணெய் விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் 20 சதவீதம் வரை எகிறி, நாள் முடிவில் சுமார் 15 சதவீத உயர்வோடு நின்றது. ஆனால் சவூதியிடம் கிடங்குகளில் இருப்பு இருந்தது, பழுதுபார்ப்பு விரைவாக நடந்தது. இரண்டு வாரங்களுக்குள் விலை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அளவில் பெரிய இழப்புத்தான், ஆனால் ஈடுகட்டக்கூடிய இழப்பு.

உக்ரைன் போரில் ரஷ்யாவின் எண்ணெயும் எரிவாயுவும் நேரெதிரான பாதைகளில் சென்றதும் இதே காரணத்தால்தான். எண்ணெய் கப்பலில் போகும் பொருள். ஐரோப்பா மறுத்தால் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பும். போருக்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ரஷ்யப் பங்கு, பின்னர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. உலகச் சந்தையில் மொத்த அளவு பெரிதாகக் குறையவில்லை, பேரல்கள் இடம் மாறின. 2022 மார்ச்சில் வர்த்தகத்தின் இடையே 139 டாலர் வரை போன பிரென்ட், அந்த ஆண்டு முடிவதற்குள் போருக்கு முந்தைய விலைக்கும் கீழே வந்துவிட்டது. குழாயில் வரும் எரிவாயுவுக்கு அந்த வசதி இல்லை. குழாய் மூடினால் அது போக வேறு வழியும் இல்லை, வாங்குபவருக்கு உடனடி மாற்றும் இல்லை. ஆகவே ஐரோப்பிய எரிவாயு விலை அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், போர் தொடங்கி ஆறு மாதம் கழித்து, ஒரு மெகாவாட்-மணி அளவுக்கு 300 யூரோவைத் தாண்டியது. வழக்கமான காலத்தில் அது 20 யூரோ அளவில் இருந்த விலை.

பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் சந்தை பதறுவதும் இதனால்தான். 2024இல் உலகம் நுகர்ந்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒடுங்கிய கடல்வழியே போனது; அதில் ஒரு பகுதியைத்தான் குழாய்கள் வழியே திருப்பிவிட முடியும். செங்கடலுக்கோ மாற்று உண்டு. 2023 நவம்பர் முதல் யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கியபோது அவை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாட்களுக்கும் மேல் நீண்டது, கப்பல் கட்டணமும் காப்பீடும் உயர்ந்தன. ஏற்றுமதியாளருக்குத் தலைவலிதான், ஆனால் பங்குக் குறியீடுகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

படி 3: பங்குக் குறியீட்டைக் கடைசியாகப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் கிஃப்ட் நிஃப்டி (நம் சந்தை திறக்கும் முன்பே வர்த்தகமாகும் நிஃப்டி ஒப்பந்தம்) எத்தனை புள்ளி இறக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நம்மில் பலருக்கு வழக்கம். அதனால் பதற்றம் கூடுமே தவிர, என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் பரிந்துரைக்கும் வரிசை: கச்சா எண்ணெய், டாலர், அமெரிக்க அரசின் பத்தாண்டுப் பத்திர வட்டி, ரூபாய், தங்கம், பிறகுதான் நிஃப்டி.

எண்ணெய் முதலில் வருவதற்குக் காரணம், இந்தியா தனது கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது என்பதே. எண்ணெய் விலை எதிர்பார்த்ததைவிட 10 சதவீதம் உயர்ந்தால் பணவீக்கம் சுமார் 0.3 சதவீதப் புள்ளி கூடும், வளர்ச்சி சுமார் 0.15 புள்ளி குறையும் என்று ரிசர்வ் வங்கி தன் நாணயக் கொள்கை அறிக்கைகளில் மதிப்பிட்டிருக்கிறது. அண்டை நாட்டு எல்லையில் நடக்கும் மோதல்கூட எண்ணெயைத் தொடவில்லை என்றால் இந்தியச் சந்தை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. 2025 மே 7, ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாளில், சென்செக்ஸ் 106 புள்ளிகள் உயர்ந்தே முடிந்தது. மோதல் விரியும் என்ற அச்சத்தில் வெள்ளிக்கிழமை 880 புள்ளிகள் இறங்கியது. சனிக்கிழமை சண்டை நிறுத்தம். திங்கட்கிழமை 2,975 புள்ளிகள் ஏறியது. அந்த ஏற்றம் முழுவதையும் சண்டை நிறுத்தத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அமெரிக்காவும் சீனாவும் ஜெனீவாவில் வரியைக் குறைக்க ஒப்புக்கொண்ட செய்தியும் அதே நாளில்தான் வெளியானது.

இரண்டாவதும் மூன்றாவதும், அதாவது டாலரும் அமெரிக்கப் பத்திரமும், அச்சம் எத்தகையது என்பதைக் காட்டுகின்றன. வழக்கமாக உலகில் எங்கே தீப்பிடித்தாலும் பணம் அமெரிக்கப் பத்திரங்களில் போய் ஒதுங்கும். டாலர் ஏறும், பத்திரங்களுக்குக் கிராக்கி கூடுவதால் அவற்றின் வட்டி இறங்கும். 2025 ஏப்ரலில் முதல் இரண்டு நாட்கள் அப்படித்தான் இருந்தது. பிறகு வட்டி 4 சதவீதத்திலிருந்து ஒரே வாரத்தில் 4.5க்கு ஏறியது, டாலரும் சேர்ந்து சரிந்தது. புகலிடமே அச்சத்தின் பிறப்பிடமாகிவிட்டது என்பதற்கான அறிகுறி அது. ஏப்ரல் 9 அன்று பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரிகள் 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டதில் பங்குச்சந்தையைவிடப் பத்திரச் சந்தைக்கே பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ரூபாயைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்று வீழ்ச்சியை மெதுவாக்கும். எனவே ரூபாய் அசையாமல் இருப்பதை மட்டும் வைத்து அழுத்தம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தங்கத்தின் கதை 2022க்குப் பிறகு மாறிவிட்டது. ரஷ்யாவின் சுமார் 300 பில்லியன் டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதைப் பார்த்த பிற நாடுகளின் மத்திய வங்கிகள், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. முடக்க முடியாத சொத்து என்பதே அதன் கவர்ச்சி. அதனால் ஒரு மோதல் தணிந்த பிறகும் தங்கம் பழைய விலைக்கு இறங்கும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

படி 4: பாரம் யார் தலையில் விழும் என்று கணக்கிடுங்கள்

எண்ணெய் ஏறினால் பெயின்ட், டயர், விமானப் போக்குவரத்து நிறுவனங்களின் பங்குகள் இறங்கும், எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களின் பங்குகள் ஏறும் என்பது எல்லோரும் அறிந்த பாலபாடம். அதற்கு அப்பால், அரசு நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை, உலகச் சந்தையில் எண்ணெய் தாறுமாறாக ஏறிய காலத்திலும், ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்த அந்த நாட்களில், இந்தியாவில் பெட்ரோல், டீசல் சில்லறை விலை உயர்த்தப்படவே இல்லை. வண்டி ஓட்டியவருக்குப் போரின் சூடு தெரியவில்லை. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டவை பொதுத்துறை எண்ணெய் விற்பனை நிறுவனங்களும் அவற்றின் பங்குதாரர்களும்தான்.

படி 5: வரிப் போருக்குத் தனிக் கடிகாரம் வையுங்கள்

ஏவப்பட்ட ஏவுகணையைத் திரும்பப் பெற முடியாது, அறிவிக்கப்பட்ட வரியைத் திரும்பப் பெறலாம். இந்த ஒரு வேறுபாட்டால் வரிச் செய்திகளுக்குச் சந்தை காட்டும் எதிர்வினை ஊசலாட்டமாகவே இருக்கும். 2025 ஏப்ரல் 9 அன்று, நிறுத்திவைப்பு அறிவிக்கப்பட்டதும், எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. 2008க்குப் பிறகு மிகப் பெரிய ஒருநாள் ஏற்றம். மகாவீர் ஜெயந்தி விடுமுறையால் இந்தியச் சந்தை மறுநாள் மூடியிருந்தது. 11ஆம் தேதி சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கும் மேல் உயர்ந்தது. ஏப்ரல் 7 அன்று பயந்து விற்றவருக்குத் திரும்பி வர அவகாசமே கிடைக்கவில்லை.

ஆகவே வரிச் செய்தி வரும்போது நான்கு தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்: மிரட்டல் வந்த நாள், அறிவிப்பு வந்த நாள், அமலுக்கு வரும் நாள், அதன் விளைவு நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளில் தெரியும் நாள். ஊசலாட்டம் முழுவதும் முதல் இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் நடக்கும். மெய்யான சேதம் கடைசி இரண்டில்தான் தெரியும், அப்போது தொலைக்காட்சிகள் வேறு செய்திக்குப் போயிருக்கும்.

அடுத்து, வரி விகிதத்தைத் தனியாகப் பார்க்காமல் போட்டியாளரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி விதிக்கப்பட்ட கூடுதல் 25 சதவீதத்தோடு சேர்த்து, இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி அமலானது. அதே நேரத்தில் வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகியவற்றுக்கு 20 சதவீதம். திருப்பூரிலிருந்து நான்கு டாலர் மதிப்பில் போகும் ஒரு பின்னலாடைக்கு இரண்டு டாலர் வரி, வங்கதேச ஆடைக்கு எண்பது சென்ட். ஒற்றை இலக்க லாப விகிதத்தில் ஓடும் தொழில், ஒரு உருப்படிக்கு ஒரு டாலர் இருபது சென்ட் வேறுபாட்டை எங்கே போய் ஈடுகட்டும்? எல்லோருக்கும் 50 சதவீதம் என்றிருந்தால் அமெரிக்க நுகர்வோர் விலையில் பெரும்பகுதியைச் சுமந்திருப்பார். தனக்கு மட்டும் அதிகம் என்னும்போது ஏற்றுமதியாளரே சுமக்க வேண்டும், இல்லையேல் ஆர்டரை இழக்க வேண்டும்.

அந்த வரி நீடித்துக்கொண்டிருந்தபோதே, 2025 நவம்பர் 27 அன்று நிஃப்டி வரலாற்று உச்சத்தைத் தொட்டது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். இதில் முரண் எதுவும் இல்லை. அமெரிக்காவுக்கான இந்தியச் சரக்கு ஏற்றுமதி நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 சதவீதம்தான். அதிலும் மருந்துகளும் ஸ்மார்ட்போன்களும் விலக்குப் பெற்றிருந்தன. நிஃப்டியில் எடை மிகுந்தவை வங்கிகள், மென்பொருள் நிறுவனங்கள், உள்நாட்டு நுகர்வைச் சார்ந்தவை. திருப்பூரின் தையல் கூடங்கள், ஆந்திரக் கடலோரத்தின் இறால் பண்ணைகள், ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பட்டறைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை பங்குச்சந்தையிலேயே இல்லை. குறியீடு உயர்ந்திருக்கிறது என்பதால் பொருளாதாரத்துக்குக் காயமில்லை என்று சொல்பவரும், ஊரில் வேலை போகிறது என்பதால் பங்குகளை விற்கச் சொல்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்: இரண்டும் ஒரே அளவுகோல் என்று நம்புகிறார்கள்.

படி 6: வெளியேறும் கதவு மூடப்படலாம் என்பதைக் கணக்கில் சேருங்கள்

விலை விழுவது ஓர் ஆபத்து, விற்க முடியாமல் போவது வேறோர் ஆபத்து. 1914 ஜூலை 31 அன்று மூடப்பட்ட நியூயார்க் பங்குச்சந்தை, டிசம்பர் வரை நான்கு மாதங்களுக்கு மேல் மூடியே கிடந்தது. 2022 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட மாஸ்கோ பங்குச்சந்தையில் பங்கு வர்த்தகம் மார்ச் 24 அன்றுதான் மீண்டும் தொடங்கியது, அதுவும் வெளிநாட்டினர் விற்கத் தடையோடு. உலக முதலீட்டு நிதிகள் பின்பற்றும் பங்குக் குறியீடுகளை வெளியிடும் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம் ரஷ்யப் பங்குகளைத் தன் குறியீடுகளிலிருந்து நடைமுறையில் பூஜ்ய விலையில் நீக்கியது. நிறுவனங்கள் திவாலாகவில்லை, எண்ணெய் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. வெளிநாட்டு முதலீட்டாளரின் உரிமை மட்டும் காகிதமாகிவிட்டது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரு டன் 1,00,000 டாலரைத் தாண்டியதும், சந்தை நிர்வாகம் வர்த்தகத்தை நிறுத்தியதோடு அன்று நடந்த ஒப்பந்தங்களையும் ரத்து செய்தது. லாபத்தில் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

எனவே மோதலில் நேரடியாக இறங்கக்கூடிய ஒரு நாட்டின் பங்குகள் மலிவாகத் தெரியும்போது, அந்த மலிவு எதற்கான தள்ளுபடி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "மீண்டுவிடும்" என்ற வாதம், விற்க அனுமதி இருக்கும் சந்தைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

படி 7: இரண்டாம் அலைக்காகக் காத்திருங்கள்

முதல் அலை அச்சம். அது நாட்களிலோ வாரங்களிலோ அடங்கும். இரண்டாம் அலை பணவீக்கம், வட்டி, அந்நியச் செலாவணி வழியாக வரும், அதற்கு மாதங்கள் பிடிக்கும். 2022இல் எண்ணெயும் கோதுமையும் சமையல் எண்ணெயும் ஏற, பணவீக்கம் எகிற, ரிசர்வ் வங்கி மே 4 அன்று வழக்கமான அட்டவணைக்கு வெளியே கூடி வட்டியை உயர்த்தியது. அமெரிக்க மத்திய வங்கி கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து ஆண்டு இறுதிக்குள் 4.25 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. தொடக்கத்தில் சொன்ன ஜூன் மாத வீழ்ச்சி இதன் விளைவு.

1990 இதைவிடக் கசப்பான பாடம். குவைத் போரால் இந்தியாவின் எண்ணெய்ச் செலவு ஏறியது. வளைகுடாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. ஏற்கெனவே நலிந்திருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது, ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்துக் கடன் பெற்றது. வளைகுடாவில் போர் அப்போது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

படி 8: உங்கள் பணத்துக்கு வருவோம்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. கடன் வாங்கியோ மார்ஜினிலோ (ஒரு பகுதிப் பணம் மட்டும் கட்டி) ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான வாங்கல், விற்றல் ஒப்பந்தம்) வைத்திருப்பவர், வார இறுதிகளுக்கு முன் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது; பெரிய அறிவிப்புகள் சந்தை மூடியிருக்கும்போது வருவது வழக்கம், அப்போது ஸ்டாப் லாஸ் (விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆணை) உங்களைக் காப்பாற்றாது, ஏனெனில் விலை அதைத் தாண்டியே திறக்கும். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்குகளில் இருக்கவே கூடாது. எஸ்.ஐ.பி. (மாதந்தோறும் ஒரு தொகையை முதலிடும் திட்டம்) போட்டுவருபவர் அதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிலில் சம்பளம் வாங்குபவர், அதே துறைப் பங்குகளையும் வைத்திருந்தால், வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் அடி வாங்கும்; அதை அமைதிக் காலத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

படி 9: எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்?

பீரங்கிகள் ஓயும் வரை சந்தை காத்திருப்பதில்லை. எண்ணெய் ஒப்பந்தங்களில் அடுத்த மாத விலையையும் ஆறு மாதம் தள்ளிய விலையையும் ஒப்பிடுங்கள். உடனடியாகச் சரக்கு வேண்டும் என்ற தவிப்பு இருந்தால் அருகில் உள்ள மாதத்தின் விலை மிக உயர்ந்திருக்கும். அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கினால் தட்டுப்பாட்டு அச்சம் விலகுகிறது என்று பொருள். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் பிரென்ட் 7 சதவீதம் ஏறி 74 டாலரில் முடிந்தது. ஜூன் 22 அன்று அமெரிக்காவும் தாக்கியது. மறுநாள் கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, விலை ஏறவில்லை. 7 சதவீதம் இறங்கியது. ஈரான் குறிவைத்தது ராணுவத் தளத்தை, எண்ணெய்க் கப்பல்களை அல்ல என்பதைச் சந்தை சில நிமிடங்களில் படித்துவிட்டது. சண்டை நிறுத்த அறிவிப்பு அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான் வந்தது.